மின்சாரக் கார் வாங்கும் முன்: வீட்டு டிபி பெட்டி தயாரா?

மின்சாரக் கார் வாங்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது காரின் விலை, மாதத் தவணை, ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பவற்றைத்தான். வீட்டுச் சுவரில் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணம் பெரும்பாலும் யாருக்கும் வருவதில்லை. சார்ஜர் பொருத்த வரும் வயர்மேன் பெட்டியைத் திறந்துவிட்டு "இந்த மெயின் தாங்காதே" என்று சொல்லும்போதுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சே தொடங்குகிறது. அதற்குள் முன்பணம் கட்டி, கடனும் கிடைத்து, கார் வரும் தேதியும் குறித்தாகிவிடும். அவசரத்தில் எடுக்கும் முடிவு ஒன்று செலவை ஏற்றும். அல்லது ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரும்.

புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. பெரோடுவாவின் முதல் மின்சாரக் காரான கியூவி-இ 2025 டிசம்பரில் வந்தது. வசதி படைத்தவர்களின் கார் என்ற நிலை மாறி, வரிசை வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் சார்ஜர் பொருத்தும் காலம் வந்துவிட்டது. அந்த வீடுகளில் பல 30, 40 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டவை. தீபகற்ப மலேசியாவில் உள்ள இத்தகைய வீடுகளை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. சபா, சரவாக் மாநிலங்களில் மின் விநியோக நிறுவனங்களும் கட்டணங்களும் வேறு.

ஹீட்டரும் சார்ஜரும் ஒன்றல்ல

"வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, ஏர்கோன் இருக்கிறது. ஒரு சார்ஜரை மட்டும் தாங்காதா?" என்று பலர் கேட்பதுண்டு. வேறுபாடு எவ்வளவு மின்சாரம் என்பதில் மட்டும் இல்லை. எவ்வளவு நேரம் என்பதிலும் இருக்கிறது.

குளியலறை ஹீட்டர் சுமார் 3.6 கிலோவாட் இழுக்கும். ஆனால், அது ஓடுவது பத்து நிமிடம்தான். ஏர்கோன் அறை குளிர்ந்ததும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண வீட்டுச் சார்ஜரோ 7 கிலோவாட் அளவில், அதாவது 32 ஆம்பியரில், மணிக்கணக்கில் ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்கும். அதுவும் வீட்டார் அனைவரும் தூங்கும் நேரத்தில்.

வயரின் முனையில் ஒரு திருகு சற்றுத் தளர்ந்திருந்தால், பத்து நிமிட ஹீட்டர் அதைச் சூடாக்கும் முன்பே நின்றுவிடும். ஆறு மணி நேரம் ஓடும் சார்ஜர் அதே முனையை உருகும் வரை சூடாக்கக்கூடும். முப்பது ஆண்டுகளாகத் தொல்லை தராத வயரிங் என்பதால் அது நல்ல நிலையில் இருப்பதாகக் கருத முடியாது. இதுவரை அதற்கு அப்படியொரு சோதனை வரவில்லை, அவ்வளவுதான்.

டிபி பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியின் முன்கதவைத் திறந்து பார்ப்பதற்கு வயர்மேன் தேவையில்லை. உள்ளே இருக்கும் மூடியைக் கழற்றாமல், எதையும் தொடாமல், எழுதியிருப்பதைப் படித்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

முதலில் மெயின் சுவிட்ச். அதன் மேல் 40A அல்லது 63A என்று அச்சிடப்பட்டிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் 40 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 9.2 கிலோவாட், 63 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 14.5 கிலோவாட்.

அடுத்தது ஆர்சிசிபி. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இது. "டி" என்று எழுதிய சிறு பொத்தான் இதில்தான் இருக்கும். இதன் மேலும் ஒரு ஆம்பியர் அளவு இருக்கும். ஆர்சிசிபி கசிவை மட்டுமே கண்டுபிடிக்கும். அதிகச் சுமையைத் தடுக்காது. மெயின் 63 ஆம்பியர், ஆர்சிசிபி 40 ஆம்பியர் என்று இருந்தால், சுமை கூடும்போது ஆர்சிசிபியே சூடாகிக் கருகும் அபாயம் உண்டு.

மூன்றாவது, எம்சிபி எனப்படும் சிறிய சுவிட்சுகளின் வரிசை. விளக்கு, பிளக், ஹீட்டர், ஏர்கோன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கும். வரிசையில் காலி இடம் இருக்கிறதா, எது எதற்கு என்று பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டிக்குள் இடமே இல்லாவிட்டால் சார்ஜருக்குத் தனியாக ஒரு சிறு பெட்டி பொருத்த வேண்டியிருக்கும்.

பெட்டியில் கருகிய வாடை, பழுப்பேறிய பிளாஸ்டிக், ரீங்காரச் சத்தம், ஹீட்டர் போட்டவுடன் விளக்கு மங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சார்ஜர் பேச்சை ஒதுக்கிவைத்து, முதலில் வயர்மேனை அழைக்க வேண்டும். இன்னும் பீங்கான் பியூஸ் இருக்கும் பழைய வீடுகளுக்கும் இது பொருந்தும். ஆர்சிசிபியின் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அழுத்தியும் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் அந்தக் கருவி செயலிழந்துவிட்டது என்று பொருள்.

மீட்டர் பெட்டியில் உள்ள டிஎன்பியின் பியூசையும் முத்திரையையும் வீட்டாரோ வயர்மேனோ தொடக் கூடாது. முத்திரையை உடைப்பது குற்றமாகும்.

இரவு ஒன்பது மணிக் கணக்கு

ஒரு வீடு எவ்வளவு தாங்கும் என்பதை ஆண்டுக் கட்டணமோ மாதக் கட்டணமோ காட்டாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் அந்த அரை மணி நேரம்தான் காட்டும். பெரும்பாலான வீடுகளில் அது இரவு ஒன்பது மணியை ஒட்டி வரும்.

எடுத்துக்காட்டாக, நான்கு பேர் வாழும் ஒரு வரிசை வீட்டில் ஒருவர் குளிக்கிறார்: ஹீட்டர் 16 ஆம்பியர். இரண்டு அறைகளில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஓடுகிறது: இரண்டும் சேர்ந்து 8 ஆம்பியர். அடுப்படியில் மின் கெட்டில் கொதிக்கிறது: 9 ஆம்பியர். குளிர்பெட்டி, மின்விசிறி, விளக்கு, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து 4 ஆம்பியர். மொத்தம் 37 ஆம்பியர்.

மெயின் 40 ஆம்பியராக இருந்தால், இந்த வீட்டில் இதுவரை மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்காது. வீட்டாரும் "நம் வயரிங் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நம்பியிருப்பார்கள். இதனுடன் 32 ஆம்பியர் சார்ஜரைச் சேர்த்தால் மொத்தம் 69 ஆம்பியர். 40 ஆம்பியர் மெயின் மட்டுமல்ல, 63 ஆம்பியர் மெயினும் இதற்குப் போதாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எம்சிபி தன் அளவைத் தாண்டிய நொடியிலேயே விழுந்துவிடாது. 63 ஆம்பியர் எம்சிபியில் 69 ஆம்பியர் ஓடினால், ஒரு மணி நேரம் கடந்தும் அது விழாமல் இருக்கக்கூடும். அதன் வடிவமைப்பே அப்படி. "மெயின் விழவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை" என்ற முடிவு தவறு. அந்த நேரமெல்லாம் வயரும் முனைகளும் சூடேறிக்கொண்டுதான் இருக்கும்.

இந்நிலையில் சிலர் கொடுக்கும் மலிவான யோசனை, 40 ஆம்பியர் மெயினைக் கழற்றிவிட்டு 63 ஆம்பியரைப் போடுவது. மெயின் சுவிட்ச் தாங்கும் என்பதற்காக அதன் பின்னால் வரும் வயரும் தாங்கும் என்று ஆகிவிடாது. மீட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிள், ஆர்சிசிபி, டிஎன்பியின் பியூஸ் ஆகிய அனைத்தும் அந்த அளவுக்கு ஏற்றவையாக இருந்தால் மட்டுமே மெயினை மாற்றலாம். இல்லையென்றால், முன்பு விழுந்து எச்சரித்துக்கொண்டிருந்த சுவிட்சின் வாயை அடைத்ததாகத்தான் ஆகும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சார்ஜ் வேண்டும்?

மெயினைப் பெரிதாக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

சுங்கை பட்டாணியிலிருந்து பிறைக்கோ, கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கோ தினமும் வேலைக்குப் போய் வருபவர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் எடுக்கும். ஆகவே, அவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 10.5 யூனிட். சார்ஜ் ஆகும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 12 யூனிட்.

32 ஆம்பியரில் இதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 16 ஆம்பியரில், அதாவது சுமார் 3.6 கிலோவாட்டில், மூன்றரை மணி நேரம் போதும். இரவு 11 மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை இரண்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். காரோ காலை ஆறு மணி வரை வாசலில்தான் நிற்கப்போகிறது.

இ.மாஸ் 7 காரின் பெரிய மின்கலத்தின் கொள்ளளவு 60.22 யூனிட். அதை முற்றிலும் காலியான நிலையிலிருந்து நிரப்புவதென்றால் 16 ஆம்பியரில் 17 மணி நேரத்துக்கும் மேலாகும். ஆனால், தினமும் யாரும் காலி மின்கலத்துடன் வீடு திரும்புவதில்லை. பெருநாள் காலத்தில் தொலைதூரம் போய் வரும்போது நெடுஞ்சாலைச் சார்ஜர்கள் கைகொடுக்கும். ஆண்டில் சில நாள் தேவைக்காக வீட்டு வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா என்பதைக் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

மேலே சொன்ன வீட்டில் மெயின் 63 ஆம்பியராக இருந்து, சார்ஜரை 16 ஆம்பியரில் வைத்தால், இரவு ஒன்பது மணிக் கணக்கு 53 ஆம்பியராகக் குறைகிறது. எல்லாரும் குளித்து முடித்து இரவு 11 மணிக்குச் சார்ஜ் தொடங்கினால் 28 ஆம்பியர்தான். பெரும்பாலான சார்ஜர்களில் நேரத்தையும் ஆம்பியரையும் குறித்துவைக்க முடியும். வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சுமையைத் தானாகச் சமன் செய்யும் வசதியுள்ள சார்ஜர்களும் உண்டு. மெயின் வயரைச் சுற்றி ஒரு சிறு உணர்கருவியைப் பொருத்திவிட்டால், வீடு மொத்தம் எவ்வளவு இழுக்கிறது என்பதைச் சார்ஜர் பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது ஹீட்டர் போட்டால் தன் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். குளித்து முடித்ததும் மீண்டும் கூட்டும். மெயினை மாற்றாமல் சமாளிக்க நினைக்கும் வீடுகளுக்கு இது நல்ல வழி. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் திரீ பேஸுக்கு மாறும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிங்கிள் பேஸா, திரீ பேஸா?

பழைய வரிசை வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும் சிங்கிள் பேஸ் மின்சாரம்தான் இருக்கும். டிஎன்பி சிங்கிள் பேஸ் இணைப்பை 12 கேவிஏ வரையிலான தேவைக்கே வழங்குகிறது. அது ஏறத்தாழ 52 ஆம்பியருக்குச் சமம். மேற்கண்ட வீட்டின் 53 ஆம்பியர் கணக்கும் இந்த விளிம்பில்தான் நிற்கிறது. ஆகவே 63 ஆம்பியர் மெயின் இருந்தாலும், இரவு குளியல் நேரத்தில் சார்ஜ் செய்யாமல் இருப்பதே நல்லது. அதற்கு மேல் தேவைப்படும் வீடுகள் திரீ பேஸ் எனப்படும் மும்முனை மின்சாரத்துக்கு மாற வேண்டும்.

மூன்று, நான்கு ஏர்கோன், இரண்டு ஹீட்டர், மின்சார அடுப்பு எல்லாம் உள்ள வீடு, அல்லது இரண்டு மின்சாரக் கார் வாங்கவிருக்கும் வீடு திரீ பேஸுக்கு மாறுவதில் நியாயம் உண்டு. அப்போது சுமை மூன்று முனைகளுக்கும் பிரிந்து போகும். 11 கிலோவாட் சார்ஜர் ஒவ்வொரு முனையிலும் 16 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். 22 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் எடுக்கும்.

ஆனால், பெரிய சார்ஜர் இருந்தால் கார் வேகமாகச் சார்ஜ் ஆகிவிடும் என்று நினைப்பது சரியல்ல. காரின் உள்ளேயே இருக்கும் சார்ஜிங் கருவிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 7 கிலோவாட் மட்டுமே ஏற்கும் காரை 22 கிலோவாட் சார்ஜரில் இணைத்தாலும் அது 7 கிலோவாட்தான் எடுக்கும். தாங்கள் வாங்கும் கார் ஏசி மின்சாரத்தில் எத்தனை கிலோவாட் ஏற்கும் என்பதை விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சார்ஜரின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

திரீ பேஸ் மாற்றம் என்பது பெட்டியை மட்டும் மாற்றுவதல்ல. கம்பத்திலிருந்து வரும் கேபிள், மீட்டர், மெயின், டிபி பெட்டி எல்லாம் மாறும். பதிவு பெற்ற மின் குத்தகையாளர் மூலம் டிஎன்பியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பகுதியின் மின்கம்பி அதைத் தாங்குமா என்பதை டிஎன்பி பார்த்துச் சொல்லும். வைப்புத்தொகையும் கூடலாம். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதால், காரைப் பதிவு செய்யும் முன்பே தொடங்குவது நல்லது.

சார்ஜருக்குத் தனிப் பாதை

எந்த அளவுச் சார்ஜராக இருந்தாலும் அதற்கென்று பெட்டியிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி இருக்க வேண்டும். வாசலில் ஏற்கெனவே இருக்கும் பிளக்கிலிருந்தோ ஏர்கோன் வயரிலிருந்தோ கிளை எடுக்கக் கூடாது.

32 ஆம்பியர் சார்ஜருக்குப் பொதுவாக 40 ஆம்பியர் எம்சிபி போடப்படும். வயரின் தடிமன் தூரத்தைப் பொறுத்தது. 32 ஆம்பியர் ஓடும் 20 மீட்டர் பாதையில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் ஏறத்தாழ 4.7 வோல்ட்டை இழக்கும். 10 சதுர மில்லிமீட்டர் வயர் 2.8 வோல்ட் மட்டுமே இழக்கும். இழக்கும் வோல்ட் எல்லாம் வயருக்குள் வெப்பமாக மாறுகிறது. கூரைக்கடியில் வெயில் தகிக்கும் நம் நாட்டு வீடுகளில் வயரின் தாங்கும் திறன் மேலும் குறையும். அடுப்படியில் டிபி பெட்டி, முன்வாசலில் கார் என்றால் தடித்த வயரே பொருத்தம். "இலவசமாகப் பொருத்தித் தருகிறோம்" என்னும் சலுகைகளில் குறிப்பிட்ட மீட்டர் வரையிலான வயர் மட்டுமே அடங்கும். மிச்சத்துக்கு யார் பணம் கட்டுவது, வயரின் தடிமன் என்ன என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும்.

அடுத்து ஆர்சிசிபியின் வகை. இது பலரும் கவனிக்காத, ஆனால் உயிரோடு தொடர்புடைய விஷயம். வீடுகளில் பொதுவாக இருப்பது "ஏசி" வகை. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி, வீட்டுக்குப் பொதுவாக 100 மில்லிஆம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கான பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர், ஹீட்டர் போன்ற ஈரமான இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் என்ற அளவில் இந்தப் பாதுகாப்பு அமைய வேண்டும். ஆனால், காரின் மின்கலம் டிசி மின்சாரத்தில் இயங்குவது. பழுது ஏற்பட்டால் டிசி மின்சாரமும் கசியலாம். அப்படிக் கசிந்தால் "ஏசி" வகை ஆர்சிசிபி மரத்துப்போய்விடும். அதன் பிறகு யாருக்காவது மின்சாரம் தாக்கினாலும் அது விழாமல் போகக்கூடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால், 30 மில்லிஆம்பியர் "ஏ" வகை ஆர்சிசிபி போதும். அந்த வசதி இல்லையென்றால் "பி" வகை ஆர்சிசிபி போட வேண்டும். அதன் விலை அதிகம். விலைப்பட்டியலில் வெறுமனே "ஆர்சிசிபி" என்று மட்டும் இருந்தால், எந்த வகை என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். சார்ஜரின் வயர், வீட்டின் பழைய ஆர்சிசிபிக்கு முன்பாகவே பிரிந்து போக வேண்டும். அப்போதுதான் ஒன்றின் கோளாறு மற்றொன்றைப் பாதிக்காது.

நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். டிபி பெட்டியில் மின்னல் அதிர்வைத் தாங்கும் எஸ்பிடி கருவியைப் பொருத்துவது சார்ஜரையும் காரையும் காக்கும்.

கடைசியாக எர்த் கம்பி. மலேசிய வீடுகளில் எர்த் பாதுகாப்பு வீட்டு வாசலில் மண்ணில் அடிக்கப்பட்ட செம்புக் கம்பியை நம்பியே இருக்கிறது. சிமெண்ட் தரை போட்டபோதோ வீட்டைப் பெரிதாக்கியபோதோ அந்தக் கம்பி மூடப்பட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். அறுந்திருந்தாலும் விளக்கு எரியும், கார் ஓடும். ஆகவே யாருக்கும் தெரியாது. வயர்மேன் கருவியைக் கொண்டு எர்த் அளவைச் சோதித்து, எத்தனை ஓம் என்று எழுதித் தர வேண்டும். 10 ஓம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நல்ல வயர்மேன்கள் பின்பற்றும் அளவு.

மூன்று முள் பிளக் போதுமா?

காருடன் வரும் சிறிய சார்ஜரை வீட்டின் 13 ஆம்பியர் பிளக்கில் இணைத்தும் சார்ஜ் செய்யலாம். அது பொதுவாக 8 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். முன்பு சொன்ன 12 யூனிட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். குறைவாக ஓட்டுபவர்களுக்கு இதுவே போதுமானது.

ஆனால், அந்தப் பிளக்குக்கும் பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டும். சுவர்ப் பிளக் புதியதாகவும், சிரிம் - எஸ்டி முத்திரை பெற்றதாகவும் இருக்க வேண்டும். நீட்டிப்பு வயரை ஜன்னல் வழியே இழுத்து, சுருட்டிய நிலையில் தரையில் போட்டு இரவெல்லாம் சார்ஜ் செய்வது மிகவும் ஆபத்தானது. சுருளாக இருக்கும் வயர் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உருகும். சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

யார் செய்ய வேண்டும்?

சொந்தக்காரர், கோயிலில் தெரிந்தவர், தொழிற்சாலையில் மின்பிரிவில் வேலை செய்யும் நண்பர் என்று எல்லாருக்கும் "வயரிங் தெரிந்த ஒரு அண்ணன்" இருப்பார். அவர் கைதேர்ந்தவராகவும் இருக்கலாம். ஆனால், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தச் சான்றிதழில் அவர் சிங்கிள் பேஸ் வேலை செய்யலாமா, திரீ பேஸ் வேலையும் செய்யலாமா என்பது குறிப்பிடப்பட்டிருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. முறையான வயர்மேன் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.

வேலை முடிந்ததும் இரண்டு பாரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, மேற்பார்வை மற்றும் வேலை நிறைவுச் சான்றிதழான போராங் ஜி. மற்றொன்று, சோதனைச் சான்றிதழான போராங் எச். வயர்மேனின் பெயரும் கையெழுத்தும் அவற்றில் இருக்கும். நாளை ஏதேனும் நேர்ந்து, தீயணைப்புத் துறையோ காப்புறுதி நிறுவனமோ கேள்வி கேட்டால், வீட்டு உரிமையாளரின் கையில் இருக்கும் ஆதாரம் இவைதான். சில நூறு வெள்ளி மிச்சம் பிடிக்க இந்தப் பாரங்களை விட்டுக்கொடுப்பவர், முழுப் பொறுப்பையும் தன் தலைமேல் ஏற்றிக்கொள்கிறார்.

தோட்ட வீடு, வாடகை வீடு, அடுக்குமாடி

தோட்டத்து லயன் வீடுகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. அங்கே வயரிங்கைத் தொடும் முன் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பிள்ளைகள் மின்சாரக் காரில் வார இறுதியில் பெற்றோரைப் பார்க்க வரும்போது, பழைய லயன் வீட்டுப் பிளக்கில் இரவெல்லாம் சார்ஜ் போடுவதைத் தவிர்க்க வேண்டும். வரும் வழியில் பொதுச் சார்ஜரில் நிரப்பிக்கொண்டு வருவதே பெற்றோருக்கும் பக்கத்து வீடுகளுக்கும் பாதுகாப்பு. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் இடம் அது.

மின்கம்பியின் கடைசி முனையில் உள்ள கிராமப்புற வீடுகளில் வோல்ட் குறைவாக வரக்கூடும். விதிப்படி 230 வோல்ட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. அதாவது 216 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. இரவில் விளக்கு அடிக்கடி மங்கினால், சார்ஜர் வாங்கும் முன்பே டிஎன்பியிடம் புகார் செய்து சரிசெய்துகொள்ள வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் பேசி, செலவு யாருடையது, வீட்டைக் காலி செய்யும்போது சார்ஜர் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிகளிலும் கொண்டோக்களிலும் கார் நிறுத்துமிடம் பெரும்பாலும் பொதுச் சொத்தின் பகுதி என்பதால், கூட்டு நிர்வாகக் குழுவின் அனுமதியின்றி எதுவும் செய்ய இயலாது. ஒருவராகக் கேட்பதைவிட, மின்சாரக் கார் வைத்திருக்கும் குடியிருப்பாளர்கள் சேர்ந்து குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் கேட்டால் பொதுவான ஏற்பாட்டுக்கு வழி பிறக்கும்.

கட்டணமும் வரி விலக்கும்

2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள டிஎன்பி கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், மின்கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென் என்று நிர்ணயிக்கப்பட்டது. மூன்றும் சேர்ந்து 44.43 சென். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்ட, இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 165 யூனிட் தேவை. இந்த அடிப்படையில் 73 வெள்ளி ஆகும்.

ஆனால், கணக்கு அதோடு முடியாது. மாதம் 480 யூனிட் பயன்படுத்தும் வீடு, கார் வந்தபின் 645 யூனிட்டைத் தொடும். 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வரும். 600-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கிடைக்கும் ஊக்கக் கழிவும் சுருங்கும்.

ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேர அடிப்படையிலான கட்டணத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வார நாள்களில் இரவு 10 மணி முதல் மறுநாள் பிற்பகல் 2 மணி வரையும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் நாள் முழுவதும் எரிசக்திக் கட்டணம் 24.43 சென்னாகக் குறையும். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை அது 28.52 சென். இரவு பத்துக்குப் பிறகு சார்ஜ் செய்வது வீட்டு வயரிங்கின் சுமையையும் குறைக்கும், கட்டணத்தையும் குறைக்கும்.

சொந்தக் காருக்குச் சார்ஜர் வாங்கிப் பொருத்தும் செலவுக்கு, தனிநபர் வருமான வரியில் 2,500 வெள்ளி வரை விலக்கு உண்டு. இது 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 2,500 வெள்ளி அப்படியே கைக்குத் திரும்பி வரும் என்று இதற்குப் பொருளல்ல. வரி கணக்கிடப்படும் வருமானத்திலிருந்து அந்தத் தொகை கழிக்கப்படும். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வயர்மேனிடம் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

1. இப்போதைய மெயின், ஆர்சிசிபி, மீட்டரிலிருந்து வரும் கேபிள் மூன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும்?

2. வீட்டின் உச்சச் சுமையைக் கணக்கிட்டீர்களா? கணக்கை எழுதித் தர முடியுமா?

3. மெயினை மாற்றாமல், ஆம்பியரைக் குறைத்தோ சுமையைச் சமன் செய்யும் சார்ஜர் மூலமாகவோ சமாளிக்க முடியுமா?

4. வயரின் தடிமன் என்ன, நீளம் எத்தனை மீட்டர்?

5. ஆர்சிசிபி எந்த வகை? டிசி கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜரில் உள்ளதா?

6. எர்த் அளவு எத்தனை ஓம்? எஸ்பிடி பொருத்துவீர்களா?

7. உங்கள் தகுதிச் சான்றிதழ் சிங்கிள் பேஸுக்கா, திரீ பேஸுக்கா?

8. போராங் ஜி, போராங் எச் இரண்டும் விலைக்குள் அடக்கமா?

இந்த எட்டுக்கும் பதில் எழுதப்பட்ட விலைப்பட்டியல்களை இரண்டு மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிட்டால், எது உண்மையில் மலிவு என்பது தெரிந்துவிடும். அதைக் காருக்கு முன்பணம் கட்டும் முன்பே செய்துவிடுவது நல்லது.